ஒன்று சொல்லாத பொம்மை

அத்தியாயம் 6

மொக்கைச்சாமிக்கு அந்தப் பொம்மையைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்ப்யூட்டர் திரையில் பச்சை நிறத்தில் ஒரு சின்ன மனித உருவம். நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து ஒரு கட்டத்தையே முறைத்துக்கொண்டிருந்தது. அதற்கு மூக்கு கிடையாது, வாய் கிடையாது, பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஆனால் அது சொன்ன சாட்சியில் உயிரோடு இருக்கிற ஒரு மனுஷனின் பிழைப்பு நாறிப் போயிருந்தது.

"இந்தப் பயதான் சாட்சியாக்கா? கூப்பிட்டு வச்சு நாலு அப்பு அப்பலாம்னா கன்னமும் இல்ல."

"வாய மூடிட்டுத் திரையப் பாரு," என்றாள் வேல்விழி.

தேனி மார்க்கெட்டை ஒட்டிய ஒரு வெங்காய மண்டியின் மாடியில் இருந்தது வேல்விழி துப்பறியும் நிலையம். போர்டுதான் பெரிசு. உள்ளே ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், கால் ஆடும் மேஜை ஒன்று. கீழே விடிந்ததிலிருந்து மூட்டை எண்ணி இறக்கும் சத்தம் ஓயாது. வேல்விழி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். மெஷின் வந்து அவளை வீட்டுக்கு அனுப்பிய பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தாள். எதிர்முனையில் ஒருவன் "ஹலோ" என்றால் போதும், பொய் சொல்லப் போகிறானா இல்லையா என்று சொல்லிவிடுவாள். மொக்கைச்சாமி முன்பு லோடு வேன் ஓட்டியவன். மொக்கைச்சாமி என்பது அவன் குலசாமியின் பெயர். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதற்கு வேறு அர்த்தம் கண்டுபிடித்திருந்தார்கள். அவன் அடிக்கிற ஜோக்குகளைக் கேட்டவர்கள் அந்த அர்த்தமும் சரிதான் என்றார்கள்.

விஷயம் இதுதான். எட்டு வருஷத்துக்கு முன்பு, 2002-இல், எல்லையில் ஒரு மலை உச்சியில் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் உத்தமபாளையத்துக் கமால். மலைக்குக் கீழே குண்டுகள் வைத்திருந்த கொட்டகைக்குக் காவல் மயிலாடும்பாறைச் செல்லப்பாண்டி. எதிர்ப் பக்கமிருந்து குண்டு கிளம்பினால் திரையில் புள்ளி தெரியும். எத்தனை புள்ளி என்று கமால் வாயால் சொல்ல வேண்டும். புதிதாகச் சோதனைக்கு வந்திருந்த ஒரு மெஷின் அந்த எண்ணைக் காதில் வாங்கி, கீழே சங்கை ஊதும். சங்கு கேட்டால் செல்லப்பாண்டி பதுங்குகுழிக்குள் குதித்துவிடுவான்.

அன்றைக்கு ஒரே ஒரு குண்டு வந்தது. சங்கு தாமதமாக ஊதியது. செல்லப்பாண்டி போய்ச் சேர்ந்தான்.

மெஷினைச் செய்த பெங்களூர் கம்பெனியே விசாரணைக்கு ஒரு சாட்சியையும் கொண்டுவந்தது. அதுதான் இந்தப் பச்சைப் பொம்மை. மனித ஆபரேட்டர் எப்படிப் பார்ப்பான், எத்தனை சீக்கிரம் சொல்லுவான் என்பதைக் கம்ப்யூட்டரில் நடித்துக் காட்டும் 'மாதிரி மனிதன்'. அதே புள்ளியைக் காட்டியதும் அது கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிட்டது. கமாலின் குரல் பதிவிலோ முதலில் ஒரு முனகல், கொஞ்சம் பொறுத்துத்தான் 'ஒன்' என்ற சொல். ஆக, தூங்கினான், முனகினான், விழித்தான். கதை முடிந்தது. கமாலைப் பட்டாளத்திலிருந்து விரட்டிவிட்டார்கள்.

இப்போது கமாலின் அக்காள் அக்தர் பேகம் மேல்முறையீடு போட்டிருந்தாள். திங்கட்கிழமை சென்னையில் விசாரணை. கம்பெனி தன் பொம்மையை சிடியில் போட்டுக் கமால் தரப்பு வக்கீலுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவாகி, அதில் ஒரு நகலை வேல்விழி அந்த வக்கீலிடமே கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

ஆனால் வேல்விழியைத் தேடி வந்தவள் அக்தர் பேகம் அல்ல. செல்லப்பாண்டியின் மனைவி அன்னத்தாய்.

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான்," என்றிருந்தாள் அவள், நாற்காலியில் உட்காராமலேயே. "அவன் தூங்குனானா, தூங்கலையா? தூங்குனான்னா திங்கக்கிழம அங்கன போயி, எல்லாரும் பாக்க அவன் மூஞ்சியில துப்பிட்டு வருவேன். தூங்கலைன்னா..."

தூங்கவில்லை என்றால் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அதைச் சொல்லாமலே படியிறங்கிப் போய்விட்டாள்.

வேல்விழி மவுசைத் தட்டினாள். திரையில் மூன்று புள்ளிகள் விழுந்தன. பொம்மைக்குக் கீழே எழுத்துகள் ஓடின: LABAM 2 3.

"லேபம்," என்று எழுத்துக் கூட்டினான் மொக்கைச்சாமி. "இதென்னக்கா, மூட்டுவலிக்குப் பூசுறதா? பொம்மைக்கு உக்காந்து உக்காந்து இடுப்பு பிடிச்சிருச்சு போல."

அவள் சிரிக்கவில்லை. ஐந்து புள்ளி வைத்தாள். LABAM 2 3 4 5. இரண்டு புள்ளி வைத்தாள். LABAM 2. கடைசியில் ஒரே புள்ளி.

LABAM.

"மொக்க, ஒன்னக் காணோம்டா."

"எத? இப்பத்தானக்கா இருந்தது? பைக் சாவியா?"

"ஏலே, ஒன்னு! ஒன்னாம் நம்பர்! எண்ணத் தெரிஞ்ச பொம்ம ஒன்னுலருந்துதான எண்ணணும்? இது ரெண்டு சொல்லுது, மூணு சொல்லுது, ஒன்ன மட்டும் சொல்ல மாட்டேங்குது."

மொக்கைச்சாமி குனிந்து பார்த்தான். திரையோரத்தில் 'களைப்பு' என்று ஒரு குமிழ் இருந்தது. அது அடிமட்டத்தில் கிடந்தது. கமால் அன்றைக்கு மாற்றாள் வராமல் தொடர்ந்து காவல் இருந்தவன். பொம்மையோ அப்போதுதான் குளித்துச் சாப்பிட்டு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. மொக்கைச்சாமி கையை நீட்டிக் குமிழை உச்சிக்கு ஏற்றிவிட்டான். பொம்மை தடுமாறியது, தாமதித்தது. கடைசியில் அதே LABAM.

"களைச்சாலும் மாத்த மாட்டேங்குதுக்கா. பழகிப் போச்சு போல."

"அதான்," என்றாள் வேல்விழி. "பழக்கம் மெஷினுக்கு எங்கருந்துடா வரும்?"

உடனே பெங்களூர் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். வக்கீல் அலுவலகத்திலிருந்து என்றதும், தமிழ் தெரிந்த ஒரு நிபுணர் லைனுக்கு வந்தார்.

"லேபமா? ரொம்ப சிம்பிள் மேடம். எல், ஏ, பி, ஏ, எம். லொகேஷன் அண்ட் பேரிங் அக்வயர்ட், மார்க்டு. இடமும் திசையும் பிடிபட்டது, குறிச்சாச்சுன்னு அர்த்தம். விசாரணையிலேயே விளக்கமா சொல்லிருக்கோம்."

"அந்தப் பேரு யாரு வச்சது சார்?"

"யாரு வச்சதுன்னா... அது முதல்லருந்தே இருக்கு மேடம்."

"முதல்லருந்துன்னா?"

"மாடல் பண்றதுக்காக ஆளுங்கள உக்கார வச்சு ரெக்கார்ட் பண்ணோம்ல, அப்பவே."

"எந்த ஆளுங்க?"

எதிர்முனையில் ஒரு கனைப்பு. "எதுவானாலும் எழுத்துல கேளுங்க மேடம்." லைன் கட்டானது.

"மூச்சு விடாம ஒப்பிச்சாருல்ல?" என்றாள் வேல்விழி. "ஒரு பேர வச்சவன் யோசிச்சுச் சொல்லுவான். மனப்பாடம் பண்ணுனவன்தான் ஒப்பிப்பான். சொல்லு முன்னாடியே வந்திருச்சு மொக்க. இந்த விரிவாக்கம் பின்னாடி ஒட்டுனது. யாரோ ஒரு ஆபரேட்டர் வாயில இருந்து வந்த சொல்லு அது. அந்த ஆளு யாருன்னு தெரியணும்."

அடுத்து அன்னத்தாய்க்குப் போன் செய்தாள். உங்கள் வீட்டுக்காரர் எப்போதாவது 'லேபம்' என்று ஏதும் சொன்னதுண்டா என்று கேட்டாள். இல்லை என்றாள் அன்னத்தாய். "நீங்க இப்ப அவனப் பாக்கப் போறீகளா? உத்தமபாளையத்துக்கா? அப்ப நானும் பஸ் ஏறுறேன். என்னால பொறுக்க முடியல."

"வேண்டாம்" என்று வேல்விழி சொல்வதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.

*

சின்னமனூர் தாண்டியதும் ரெண்டு பக்கமும் நெல் பச்சைப்பசேல் என்று நின்றது. வாய்க்கால் நிறையத் தண்ணீர். மொக்கைச்சாமி பைக்கை விரட்டிக்கொண்டே திட்டிக்கொண்டு வந்தான். ஒரு மனுஷனைத் தண்டிக்க இன்னொரு மனுஷனின் சொல் போதாதா, பொம்மை செய்து கூட்டிக்கொண்டு வர வேண்டுமா என்பது அவன் வாதம். "நாளைக்கு நான் வண்டிய இடிச்சா, இடிக்காத மொக்கைச்சாமி ஒருத்தன கம்ப்யூட்டர்ல செஞ்சு காட்டுவாகளா? அவனுக்குக் கடனும் இருக்காது, கண் எரிச்சலும் இருக்காது. அவன் கூடப் போயி என்ன ஒத்துப் பாத்தா நான் எங்கக்கா போவேன்?"

உத்தமபாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அக்தர் பேகத்தின் அரிசிக் கடை. அது அவள் புருஷன் வீட்டுக் கடை. புருஷன் மௌத்தான பிறகு அவளே கல்லாவில் உட்கார்ந்தாள். கிலோ வந்து எவ்வளவோ காலமாகியும், படியில் அளந்தால்தான் மனசு ஆறும் என்கிற ஆட்கள் அந்தக் கடைக்கு இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். அளந்து போடுகிறவன் கமால். நாற்பதுக்குள் நரைத்துப்போன தாடி. ஆளைப் பார்த்தால் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மொக்கைச்சாமியும் வேல்விழியும் படியேறியபோது அங்கே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

அய்யம்மாள் என்ற கிழவி பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கமால் படியை அரிசிக்குள் அமிழ்த்தி, தலை தட்டி, பையில் சாய்த்து, "ஒன்னு," என்றான்.

கிழவி பையை வெடுக்கென்று இழுத்தாள். "ஏய்யா, ஒனக்கு எத்தன வாட்டி சொல்றது? மொதப் படியப் போயி ஒன்னு, ஒத்தங்குறியே, வீடு வெளங்குமா? கொட்டு அத. லாபம்னு சொல்லி மறுபடி அள."

"ஒன்னுன்னாலும் அதே படிதான ஆத்தா," என்றான் கமால், தலையைத் தூக்காமல்.

"விடுங்க ஆத்தா," என்றாள் அக்தர் பேகம் கல்லாவிலிருந்து. "கடைக்கு வந்த நாள்லருந்து அவன் அப்படித்தான். எட்டு வருசமா நானும் தலபாடா அடிச்சுக்கிறேன். அந்த வார்த்தைய மட்டும் வாயில எடுக்க மாட்டேங்குறான். எனக்கு வர்ற லாபத்தத் தடுக்கவே பொறந்திருக்கான்."

மொக்கைச்சாமி சிரிக்க வாயெடுத்தான். வேல்விழி அவன் கையைப் பிடித்துக் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள். பிறகு அரிசிக் குவியலின் மேல்பகுதியைக் கையால் நிரவி, விரலால் ஐந்து எழுத்து எழுதினாள்.

L A B A M.

"படிடா."

"அதான் படிச்சாச்சே. லேபம்."

"இங்கிலீசா படிக்காத. தமிழாப் படி."

"லா..." என்றான் மொக்கைச்சாமி. அப்புறம் அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "லாபம்! அடப்பாவிகளா! லாபம், ரெண்டு, மூணு!"

தினமும் காலையில் மண்டியில் மூட்டை இறக்குகிறவர்கள் அவன் காலுக்குக் கீழேதான் கத்துகிறார்கள். லாபம், ரெண்டு, மூணு. அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு மூட்டுவலி மருந்து என்று ஜோக் அடித்தோமே என்று அவனுக்கு வெட்கமாகப் போயிற்று.

"அங்கன பொம்ம ஒன்னு சொல்ல மாட்டேங்குது," என்றாள் வேல்விழி கமாலைப் பார்த்துக்கொண்டே. "இங்கன மனுஷன் லாபம் சொல்ல மாட்டேங்குறாரு. உங்க கேசு விஷயமாத்தான் வந்திருக்கோம். கொஞ்சம் உள்ள வாரீகளா கமால்?"

கமாலின் கையிலிருந்த படி குவியலில் விழுந்தது.

*

மூட்டைகள் அடுக்கிய பின்கட்டில் நின்றுகொண்டே பேசினார்கள். அக்தர் பேகம் கல்லாவைப் பூட்டிவிட்டு வந்து வாசலை மறித்துக்கொண்டாள்.

"நான் தூங்கிட்டேன்," என்றான் கமால், யாரும் கேட்பதற்கு முன்பாகவே.

"அத அப்புறம் பேசுவோம். இந்தக் கம்பெனிக்காரங்க உங்கள எப்பவாச்சும் பெங்களூருக்குக் கூப்பிட்டாகளா?"

கமால் தலையாட்டினான். "கூப்பிட்டாக. சம்பவத்துக்கு முந்தின வருசம். ஏசி ரூம்ல உக்கார வச்சு, தலையில ஒயர ஒட்டி, ஒரு வாரம் புள்ளி எண்ணச் சொன்னாக. நாங்க பத்துப் பேரு போனோம். நான்தான் எல்லாரையும் விடச் சுருக்கா சொல்றேன்னு கைதட்டுனாக. ஒரு கடிகாரம் பரிசு குடுத்தாக."

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பின்கட்டுச் சுவரில் ஒரு பிளாஸ்டிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் கம்பெனியின் பேர் இருந்தது.

"யா அல்லா," என்றாள் அக்தர் பேகம். "இத நான் தொழுகைக்கு நேரம் பாக்க வச்சிருக்கேன்."

மொக்கைச்சாமி கடிகாரத்தைச் சுட்டிக்காட்டினான். "இருங்க பாய். அப்ப அந்த 'மாதிரி மனிதன்' வேற யாருமில்ல, நீங்கதானா? ஏசியில உக்காந்து, தூங்கி எந்திரிச்சு, வயிறாரத் தின்னுட்டு வந்த கமால வச்சு, கண்ணு பூத்துப் போயி உக்காந்திருந்த கமாலத் தோக்கடிச்சிருக்கானுவளா? அக்கா, கேஸ் முடிஞ்சது! திங்கக்கிழம அவனுக வேட்டி அவுந்துரும்!"

அக்தர் பேகம் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். எட்டு வருஷமாக அவள் அடக்கி வைத்திருந்த அழுகை.

கமால் முகத்தில் ஒரு பொட்டு சந்தோஷம் இல்லை. வேல்விழி முகத்திலும் இல்லை.

"இன்னும் முடியல," என்றாள் அவள். "பதிவுல ஒரு முனகல் இருக்கே கமால். அதக் கேட்டுத்தான தூங்கினவன்னு எழுதுனாக. நீங்க களைச்சாலும் மொதப் புள்ளிக்கு வாயில வர்ற சொல்லு ஒன்னுதான். பொம்மையே அதத்தான காட்டுது. அது முனகல் இல்ல. நீங்க பாத்த நொடியே சொல்லிட்டீக. லாபம்னு சொல்லியிருக்கீக."

கமால் சுவரில் சாய்ந்தான்.

"மெஷினுக்குத் தெரிஞ்சது நம்பரு மட்டும்," என்று வேல்விழி தொடர்ந்தாள். "நாலஞ்சு வந்த நாள்ல எல்லாம் லாபத்த அது தள்ளிரும், பின்னாடி வர்ற 'டூ'வக் கேட்டுச் சங்க ஊதிரும். அதனால ஒரு சொல்லு வீணாப் போறது யாருக்கும் தெரியல. அன்னைக்கு வந்தது ஒத்தக் குண்டு. லாபம்னீக. அதுக்குப் பின்னாடி சொல்ல ரெண்டு இல்ல. மெஷின் சும்மா இருந்திருச்சு. சங்கு ஊதலையேன்னு திடுக்குன்னு ஆனப்புறம்தான் 'ஒன்'ன்னு கத்தியிருக்கீக. அதுக்குள்ள நேரம் போச்சு."

"பொம்ம சொன்னா சிக்னல், மனுஷன் சொன்னா முனகலா!" மொக்கைச்சாமி மூட்டையைக் காலால் உதைத்தான். அவன் கால்தான் வலித்தது. "ஒரே சொல்லுக்கா! இவனுகளே அதுக்கு இங்கிலீசுல விளக்கம் வேற எழுதியிருக்கானுவ!"

"ஏன்டா சொல்லல?" அக்தர் பேகம் தம்பியின் சட்டையைப் பிடித்துவிட்டாள். "நான் வக்கீலு வக்கீலா அலைஞ்சேனே, ஊரே ஒன்னக் கொலகாரங்குற மாதிரி பாத்துச்சே, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"அந்த வார்த்த என் வார்த்த இல்லக்கா." கமால் அவள் கையைத் தட்டிவிடவில்லை. "நம்ம அத்தா பஸ் டிரைவரு. நம்ம வீட்டுல யாரு படி பிடிச்சா? அது செல்லப்பாண்டி அண்ணன் வார்த்த. மெஷின் வர்றதுக்கு முன்னாடி எனக்கும் அவருக்கும் நடுவுல ஒரு போன் ஒயருதான். நான் 'ஒன்'ன்னு சொன்னா அவருக்கு ஆகாது. 'ஒத்தையச் சொல்லாத தம்பி, லாபம்னு சொல்லு, எனக்குப் புரியும்'பாரு. ரெண்டு வருசம் அப்படியே சொல்லிச் சொல்லி வாயில ஒட்டிக்கிருச்சு. மெஷின் வந்தப்புறமும் போகல. அன்னைக்கு ஒயரு இருந்திருந்தா அண்ணன் காதுல நேரா விழுந்திருக்கும். அவரு குதிச்சிருப்பாரு."

அக்தர் பேகம் தம்பியின் சட்டையை விட்டாள்.

"நான் இத விசாரணையில சொல்லியிருந்தா என்ன எழுதியிருப்பாக? உத்தரவு இல்லாத சொல்லப் பேசப் பழக்குனது செத்த ஆளு, தப்பு அவரு மேலயும்தான்னு எழுதியிருப்பாக. வீரமரணம்ங்குற பேரு போயிரும். அந்தப் பேர வச்சுத்தான் அன்னத்தாய் மதினிக்குச் சத்துணவுல வேல குடுத்தாக. பள்ளிக்கூடத்து வாசல்ல அண்ணன் பேரக் கல்லுல வெட்டியிருக்காக. ஒருத்தரு உசுரு போச்சு. என் பேரும் போனாப் போகுதுன்னு தூங்கிட்டேன்னு சொன்னேன்." அவன் வேல்விழியின் முன்னால் கைகூப்பினான். "நீங்க கண்டுபிடிச்சது உங்களோட இருக்கட்டும். திங்கக்கிழம நான் போக மாட்டேன். மதினிகிட்ட மட்டும் சொல்லிராதீக."

"அன்னத்தாய் பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்காக கமால்," என்றாள் வேல்விழி.

சொல்லி முடிக்கவில்லை. கடை வாசலில் யாரோ பலகையைத் தட்டினார்கள்.

*

அன்னத்தாய் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். தோளில் ஒரு மஞ்சப்பை. கமாலை அவள் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. போட்டோவில் இருந்த ஆளுக்கும் இந்த நரைத்த தாடிக்கும் பொருத்தம் தேடுகிற மாதிரி ஏற இறங்கப் பார்த்தாள்.

"பதில் கெடச்சதா?" என்றாள் வேல்விழியிடம்.

மொக்கைச்சாமி வேல்விழியின் முகத்தைப் பார்த்தான். எவ்வளவோ சிக்கலில் அவள் சட்டென்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்ததை அவன் பார்த்திருக்கிறான். இப்போது தப்பிக்க வழியில்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டவள் அவள். அந்தப் பதிலைச் சொன்னால் பின்னாலேயே அடுத்த கேள்வி வரும்.

"கெடச்சது அன்னத்தாயி. கமால் தூங்கல."

"நான் தூங்குனேன் மதினி," என்றான் கமால். "இவுக எனக்காகப் பேசுறாக. நான் தூங்கிட்டேன். நீங்க என்ன செய்யணும்னு வந்தீகளோ செஞ்சிட்டுப் போங்க."

அன்னத்தாய் அவனையும் வேல்விழியையும் மாறி மாறிப் பார்த்தாள். மூஞ்சியில் துப்பத் தயாராக வந்தவள், எதிராளி மூஞ்சியை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் குழம்பிப் போனாள். என்ன செய்வதென்று தெரியாமல் தோளிலிருந்த பையை எடுத்து நீட்டினாள்.

"ரெண்டு படி அரிசி போடு."

அது ஏன் அப்போது அவள் வாயில் வந்தது என்று மொக்கைச்சாமிக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆளை அருகிலிருந்து பார்க்க ஒரு சாக்கு வேண்டியிருந்திருக்கும். கமால் குவியலிலிருந்து படியை எடுத்தான். அதில் வேல்விழி எழுதிய எழுத்துகள் கலைந்தன. படியை அமிழ்த்தித் தலை தட்டிப் பையில் சாய்த்தான்.

"ஒன்னு."

அன்னத்தாய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்ன?"

"ஒன்னு மதினி."

"தெனமும் எரநூறு புள்ளைகளுக்கு அரிசி அளந்து போடுறவ நான். இந்தப் பக்கம் எவன்யா ஒன்னுன்னு அளக்குறான்?" அவள் கை பிடியை விடவில்லை. "அதுலயும் நீ. அவுக கடேசி லீவுக்கு வந்தப்ப சொன்னாக. அங்கன உத்தமபாளையத்துப் பையன் ஒருத்தன் இருக்கான் புள்ள, அவனுக்கு லாபம்னு எண்ணப் பழக்கிவிட்டேன், இப்ப அவன் வாயில ஒன்னே வர மாட்டேங்குதுன்னு விழுந்து விழுந்து சிரிச்சாக. நீயா ஒன்னுங்குற?"

வேல்விழி கண்ணை மூடிக்கொண்டாள்.

போனில் 'லேபம்' என்று கேட்டதற்கு இல்லை என்றாளே, 'லாபம்' என்று கேட்டிருந்தால் அப்போதே முடிந்திருக்குமே என்று மொக்கைச்சாமி நினைத்தான். நினைத்து என்ன பிரயோஜனம்? முடியாமலே இருந்திருந்தால் நல்லது என்றுதான் இப்போது அவனுக்குத் தோன்றியது.

"அன்னைக்கு ஒத்தக் குண்டுன்னுதான சொன்னாக," என்றாள் அன்னத்தாய் மெதுவாக. அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ரேடார் தெரியாது. ஆனால் அவள் கண்ணில் கணக்கு ஓடுவது எல்லாருக்கும் தெரிந்தது. "நம்பரு சொன்னாத்தான் அந்த மெஷினுக்கு விளங்கும்னும் சொன்னாக. நீ அன்னைக்கு என்ன சொன்ன? சொல்லு. எங்கிட்டச் சொல்லு."

"மதினி, வேண்டாம்."

"வாயத் தொறந்து சொல்லுடா!"

கமால் வாயைத் திறந்தான். எட்டு வருஷமாக உள்ளேயே கிடந்த சொல் தொண்டையில் சிக்கி, பாதிக் காற்றாக, ஒரு முனகலாகத்தான் வெளியே வந்தது.

"லாபம்."

பதிவைக் கேட்ட அதிகாரிகள் எழுதியது பொய்யில்லை. அது முனகல் மாதிரியேதான் இருந்தது.

"எனக்குக் கேட்டுச்சு," என்றாள் அன்னத்தாய்.

அவள் கையை விட்டாள். படி கமாலின் விரலிலேயே தொங்கியது. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கம்பத்துப் பக்கம் போனது.

"திங்கக்கிழம நானும் வாரேன்," என்றாள். "எம் புருசன் பழக்குன சொல்லு அதுன்னு நானே சொல்லுறேன்."

"சொன்னா உங்க வேல போயிரும் மதினி. கல்லுல இருக்குற பேரு..."

"போனாப் போகுது. கல்லுக்குத் தெரியாது, எனக்குத் தெரிஞ்சு போச்சே. இனிமே அந்த வாசல்ல அந்தப் பேரப் பாத்துக்கிட்டு நான் எப்படிய்யா உள்ள நொழைவேன்?" அவள் பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். "எட்டு வருசம். காலையில எந்திரிச்சதும் ஒன்னத் திட்டுவேன். சோத்துல கைய வைக்கும்போதும் திட்டுவேன். ஒன்னத் திட்டித் திட்டித்தான் நான் உசுரோட இருந்தேன். இப்ப அதையும் பிடுங்கிட்டீகளே எல்லாரும் சேந்து. இனிமே நான் யாரத் திட்டுவேன்? அவுகளையா திட்டுவேன்?"

பிறகு அன்னத்தாய், ரெண்டு படி கேட்டது ஞாபகம் வந்தவளாகப் பையை மறுபடியும் விரித்துப் பிடித்தாள்.

கமால் அளந்தான். கண்ணீர் அரிசியில் விழாமலிருக்கப் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ரெண்டு," என்றான்.